புளி போட்டுத் தேய்த்த காசுகள்

எனக்கு முதன்முதலில் கிடைத்த பழைய காசில் ஒரு கால் மட்டும்தான் தெரிந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெட்ராஸ் கப்பல் வரும் நாட்களில் போர்ட் கிள்ளானுக்குப் பெட்டி தூக்கப் போவேன். ஒருநாள் தகரப் பெட்டியோடு இறங்கிய ஒருவர், பஸ் நிற்கும் இடம்வரை என்னைத் தூக்க வைத்துவிட்டு, கையில் மலேசியப் பணம் இல்லை என்றார். இடுப்பு வேட்டி மடிப்பிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்து நீட்டினார்.

“ஆத்துல கெடச்சது தம்பி. ராசா காலத்துக் காசு. வச்சுக்க, பின்னால ஒதவும்.”

“இப்ப ஒதவுற மாதிரி ஒண்ணும் இல்லையா அண்ணே?”

அவர் சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டார்.

திரும்பி வரும்போது அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே வந்தேன். ஓர் ஓரத்தில் மண் உதிர்ந்து, குச்சி போல ஒரு கால் தெரிந்தது. பாதம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. மீதி ஆள் மண்ணுக்குள் இருந்தான். அந்தக் காசை நான் தூக்கி எறியாததற்கு அதுதான் காரணம்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாலாம் வகுப்புவரை படித்தேன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது கிளம்பியவன், எங்கேயும் ஐந்தாறு மாதத்துக்கு மேல் இருந்ததில்லை. ரவாங்கில் மரம் இழுத்தேன். செந்தூலில் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவினேன். பத்துமலையில் தைப்பூசக் கடைகளுக்குக் கம்பு நட்டேன். யாரும் என்னை விரட்டவில்லை. ஒருநாள் காலையில் எழுந்ததும் இங்கே போதும் என்று தோன்றும். துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவேன். அப்படித்தான் கிள்ளானுக்கும் வந்தேன். ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் பின்னறை வாடகைக்குக் கிடைத்தது. அரிசி லோரியில் கெலிண்டான் வேலையும் கிடைத்தது. டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய், போன இடத்தில் மூட்டை இறக்குபவனுக்குத்தான் அந்தப் பெயர்.

வீட்டுக்காரர்கள் புருஷன், பெண்டாட்டி இரண்டு பேர்தான். அண்ணனுக்குத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை. அக்கா வீட்டில் இருந்தபடியே ரவிக்கை தைப்பார். வாடகை கேட்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்பார். மற்ற நேரமெல்லாம் “சாப்பிட்டாச்சா” என்ற ஒரே கேள்விதான்.

கிள்ளான் கடைத்தெருவில் பணம் மாற்றும் பாய் ஒருவர் இருந்தார். ஊரிலிருந்து வருகிறவர்கள் விற்றுப் பார்க்கலாம் என்று கொண்டுவரும் பழைய செப்புக் காசுகள் அவரிடம் ஒரு பால் டின் நிறையக் கிடந்தன. யாரும் வாங்கவில்லை. ஒரு பிடி இரண்டு மலேசிய வெள்ளி என்று எனக்குக் கொடுத்தார். முதல் தடவை நான் கையை விட்டு அள்ளப் போனேன். அவர் டின்னை இழுத்துக்கொண்டார்.

“எம்மா பெரிய கை. மூட்ட தூக்குற கை லா அது. பிடின்னா என் பிடி.”

“உங்க பிடி சின்னப் புள்ளைங்க பிடி பாய்.”

“அதனாலதான் நான் கல்லாவுல ஒக்காந்திருக்கேன்.”

அவர் பிடியில் பதினைந்து காசு வரும். பாதி வெறும் தகடு. சிலதில் ஏதோ இருப்பது போலத் தெரியும். சம்பளம் வாங்கினால் ஒரு பிடி என்று வைத்துக்கொண்டேன்.

சுத்தம் செய்வது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. முதல் பிடியை வினிகரில் போட்டேன். மறுநாள் எடுத்தபோது வெந்நீர் பட்ட தோல் போல இளஞ்சிவப்பாக இருந்தன. மண்ணோடு சேர்ந்து, மேலே இருந்த பச்சையும் போய்விட்டது. பச்சை போனபின் பார்த்தால் உருவமும் இல்லை. அப்போதுதான் தெரிந்தது, நூற்றுக்கணக்கான வருஷம் மண்ணில் கிடந்த காசில் உருவம் அந்தப் பச்சைத் தோலில்தான் இருக்கிறது என்று. உள்ளே இருப்பது வெறும் செம்பு.

அதற்குப் பிறகு அவசரப்படவில்லை. லோரி பட்டறையில் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் இருக்கும், அதில் உப்பு கிடையாது. மிச்சம் மீதியைக் கேட்டு வாங்கி வருவேன். பேங்குக்குப் பின்னால் ஏர்கோன் மிஷினிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் அதே மாதிரிதான் என்று பட்டறைக்காரன் சொன்னான். பிறகு அங்கே ஒரு டப்பாவை வைத்துவிட்டு வந்தேன். காசுகளை அந்தத் தண்ணீரில் ஊற வைத்து, வாரம் ஒரு தடவை மாற்ற வேண்டும். இரண்டு மாதம் கழித்து அக்காவின் தையல் மிஷின் எண்ணெயில் ஒரு மாதம். பின்பு எலுமிச்சை முள்ளால் மண்ணை மட்டும் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். கடைசியில் பழைய பல் பிரஷ். ஒரு காசுக்கு நாலு மாதம் ஆகும். தண்ணீர் மாற்ற ஆள் வேண்டும் என்பதால் நான் ஊரை விட்டுப் போகவில்லை. அந்த வீட்டில் ஒரு வருஷம் தாண்டியது அப்படித்தான்.

சாயங்காலம் வேலை முடிந்து, பின்படியில் வெளிச்சம் இருக்கும்வரை உட்கார்ந்து செய்வேன். அண்ணன் குளிக்கப் போகும் வழியில் நின்று பார்ப்பார்.

“ஊருல அவனவன் காசு சம்பாரிக்கிறான். இவன் காசுக்குப் பல்லு வெளக்கி விடுறான்.”

“அவங்க வேலய அவங்க பாக்குறாங்க, நீங்க போயி முதுகத் தேயுங்க” என்பார் அக்கா உள்ளேயிருந்து.

முதல் காசில் மீதி ஆள் வெளியே வர ஏழு மாதம் பிடித்தது. நேராக நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் பூ. தலை கொஞ்சம் உடைந்திருந்தது.

ஒருநாள் பிரிக்பீல்ட்ஸில் அரிசி இறக்கும்போது பல்வலி தாங்க முடியவில்லை. எதிர்வரிசையில் மாடியில் ஒரு பல் டாக்டர். யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், வாரத்தில் மூன்று நாள்தான் பார்ப்பார். ஊசி போட்டு வாய் மரத்துப்போகக் காத்திருந்தபோது, சுவரோரம் கண்ணாடிப் பெட்டிக்குள் காசுகள் இருப்பதைப் பார்த்தேன். எல்லாம் பச்சைத் தோலோடு. பல்லைப் பிடுங்கி முடித்ததும், பஞ்சைக் கடித்தபடியே சட்டைப் பையிலிருந்து பூ வைத்திருந்தவனை எடுத்து அவரிடம் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனார். வெகுநேரம் திரும்பவில்லை.

“சோழற்றை காசு. உதை ஆர் துப்புரவாக்கினது?”

சுத்தம் செய்தது நான்தான் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். வாய் வரவில்லை.

“என்னத்தாலை?”

முள் என்று சைகை காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. பிறகு வாய் சரியாகும்வரை உட்கார வைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவரிடம் மூன்று பிஸ்கட் டின் நிறையச் சுத்தம் செய்யாத காசுகள் இருந்தன. வயதாகி அவருக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டதால் தானே செய்ய முடியவில்லை. ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

“இருபது காசு கொண்டாரும். நீரே செய்ததாய் இருக்கவேணும். ஒரு இடத்திலையும் செம்பு தெரியக்கூடாது. எனக்குப் பிடிச்சால், பின்னறையிலை மேசை போட்டுத் தாறன், மாசச் சம்பளம் தாறன். அங்கையே படுக்கலாம்.”

முள்ளுக்குப் பதில் என்று, தேய்ந்துபோன பல் குத்தும் கொக்கிகள் இரண்டைக் கொடுத்தார்.

எனக்கு அந்த மேசை வேண்டும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம்தான் இடுப்புக்கு மேலே ஓர் இடத்தில் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் செருப்பு மாட்டக் குனிய முடியாது. ஒரு மூட்டையைத் தோளில் வாங்கினால் கண் இருட்டும். முதுகு போன கெலிண்டானை லோரி முதலாளி வைத்துக்கொள்ள மாட்டார். டிரைவர் ஆகலாம் என்றால் லைசன்ஸுக்குச் சட்டப் புத்தகம் மலாயில் படித்து எழுத வேண்டும், எனக்கு அது முடியாது. உட்கார்ந்து செய்கிற வேலை என்று என் வாழ்க்கையில் எதிரே வந்தது அது ஒன்றுதான். அக்காவிடமும் அண்ணனிடமும் இதைச் சொன்னேன். செம்பு தெரியக்கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை. காசு சுத்தம் செய்யும் விஷயம் யாருக்கும் சுவாரசியமாக இருக்காது என்று நினைத்தேன்.

பாயிடம் மொத்தம் இருபத்திரண்டு பிடி வாங்கியிருப்பேன். அதில் தேறிய இருபதைப் பொறுக்கினேன். அக்கா ரவிக்கைக்குள் வைத்துத் தைக்கும் வெள்ளைத் துணியில் மிச்சத்தை எடுத்து, இருபது பைகள் வைத்து நீளமாகத் தைத்துக் கொடுத்தார். சுருட்டினால் ஒரு கைக்குள் அடங்கும். டாக்டர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தின சனிக்கிழமை ஆயுத பூஜை வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை நான் வீட்டுக்கு வந்தபோது பின்படியில் அக்கா உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் குத்துவிளக்கு, தாம்பாளம், அண்ணனின் மூட்டை கொக்கி, துணி வெட்டும் கத்திரிக்கோல், என் லோரியில் கயிறு இறுக்கும் இரும்பு. இன்னொரு பக்கம் ஒரு கிண்ணத்தில் புளியும் உப்பும், ஒரு தட்டில் செங்கல் தூள், தேங்காய் நார். நடுவில் ஒரு முறத்தில் என் காசுகள். புதிதாகச் செய்த மாதிரி பளபளவென்று கிடந்தன.

“வாங்க தம்பி. ஒங்க ஆயுதம் இதுதானேன்னு எடுத்தேன். கோவிச்சுக்காதீங்க, அறைக்குள்ள நொழஞ்சு எடுத்துட்டேன்.”

நான் செருப்பைக் கழற்றிவிட்டு முறத்தின் பக்கம் வந்தேன்.

“எம்மா பச்ச, எம்மா பாசி. இத அப்படியே எடுத்துக்கிட்டுப் போயி டாக்டரு கையில நீட்டுனா யாரு வேல குடுப்பா? அவங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க, சுத்தம் பாப்பாங்க. விடியக்காலையிலேர்ந்து ஒக்காந்து தேய்க்கிறேன். வெரல் நகமெல்லாம் பாருங்க.”

நகங்களைக் காட்டினார். இடுக்கிலெல்லாம் பச்சை.

முறத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு காசு தேய்க்காமல் இருந்தன. ஒன்றில் உட்கார்ந்த உருவம், நன்றாக வந்திருந்தது. இன்னொன்று பூ வைத்திருந்தவன். உள்ளே அடுப்பிலிருந்து கடலை கருகும் வாசம் வந்ததும் அக்கா எழுந்தார். புளிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

“அந்த ரெண்ட மட்டும் நீங்க தேய்ச்சிருங்க தம்பி. நல்லா அழுத்தித் தேயுங்க. அதுதான் ரொம்பப் பிடிச்சுப்போயி கெடக்கு.”

அவர் உள்ளே போனார். நான் உட்கார்ந்தேன். அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போயிருக்கலாம். அவை இரண்டுமாவது பச்சையோடு இருந்திருக்கும். டாக்டரிடம் இரண்டையும் காட்டி மற்றதைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். இப்போது எழுதும்போது எல்லாம் தெளிவாக இருக்கிறது. அப்போது என் கை நாரை எடுத்தது. புளியில் தோய்த்து, செங்கல் தூளைத் தொட்டு, உட்கார்ந்த உருவத்தைத் தேய்த்தேன். பச்சை ஓர் ஓரத்திலிருந்து கரைந்து விரல் வழியாக இறங்கியது. நான்கு மாதம் ஊற வைத்து முள்ளால் குத்தியது, பின்படியில் கரைந்து போக இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு அடுத்ததை எடுத்தேன். பூ முதலில் போனது. ஆளின் உடம்பு லேசாக நின்றது. கால் நன்றாகத் தெரிந்தது. செம்பு தெரியும்வரை தேய்த்தேன். அக்கா சொன்ன மாதிரியே அழுத்தித் தேய்த்தேன்.

அழுகை வருகிறதா என்று பார்த்தேன். கோபம் வருகிறதா என்றும் பார்த்தேன். இடுப்பு மட்டும் வலித்தது.

அண்ணன் வேலை விட்டு வந்து முறத்தைப் பார்த்தார்.

“அடேயப்பா. இப்பத்தான்யா இது காசு மாதிரி இருக்கு.”

மறுநாள் பூஜையில் தையல் மிஷினுக்கு மேலே தாம்பாளம் வைத்து, அதில் இருபது காசையும் பரப்பியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அக்கா சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்திருந்தார். பொரி, கடலை, அவல், ஒரு சீப்பு பழம். பூஜையில் வைத்த சாமானை அன்றைக்கு எடுக்கக் கூடாது. மறுநாள் காலை கற்பூரம் காட்டிய பிறகு, அக்காவே ஒவ்வொன்றாகத் துணிப் பைகளில் போட்டுச் சுருட்டிக் கொடுத்தார்.

“பொட்ட அழிக்காதீங்க. அப்படியே குடுங்க.”

திங்கட்கிழமை பஸ்ஸில் பிரிக்பீல்ட்ஸ் போனேன். போகாமலே வேறு ஊருக்குப் போயிருக்கலாம். அதுதான் என் வழக்கம். ஏன் போனேன் என்று கேட்டால், வரச் சொல்லியிருந்தார், லீவு போட்டிருந்தேன் என்பதுதான் பதில்.

டாக்டர் மேசைமேல் பச்சைத் துணி விரித்து வைத்திருந்தார். பின்னறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஜன்னலோரம் ஒரு மேசையும் விளக்கும் தெரிந்தன. மேசையைத் துடைத்திருந்தார்கள். நாற்காலியில் முதுகுக்கு ஒரு தலையணை கட்டியிருந்தது.

முதல் பையிலிருந்து காசை எடுத்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கீழே வைத்தார். இரண்டாவது, மூன்றாவது. அதற்குமேல் எடுக்கவில்லை. விரலை முகர்ந்தார்.

“புளி.”

கைக்குட்டையில் விரலைத் துடைத்தார்.

“உதிலை குங்குமமும் கிடக்கு. வீட்டிலை ஆரும் பூசைக்கு மினுக்கினவையோ?”

ஜன்னலுக்கு வெளியே ரயில் போனது. அது போய் முடியும்வரை அவரும் காத்திருந்தார்.

“இஞ்சை பாரும். நீர் செய்ததெண்டால் உமக்கு இந்த வேலை சரிவராது. வேற ஆரும் தெரியாமல் செய்ததெண்டால் சொல்லும். பரவாயில்லை. இன்னும் ஆறு மாசம் தாறன். வேற இருபது கொண்டாரும்.”

“நான்தான் டாக்டர்.”

“நீரோ?”

“நான்தான்.”

எல்லாவற்றையுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டை மட்டும் என்று சொல்லியிருப்பேன்.

அக்காவைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு ஒன்றிரண்டு பேர் நினைத்தார்கள். அப்படி இல்லை. அக்கா பெயரைச் சொன்னால் அவருக்கு ஒரு நஷ்டமும் வந்திருக்காது. டாக்டர் அவரைப் பார்க்கப் போவதுமில்லை. ஆனால் செம்பு தெரியக்கூடாது என்று தெரிந்தவன் அந்த வீட்டில் ஒருவன்தான். அவன் உட்கார்ந்து இரண்டு காசைத் தேய்த்தான். டாக்டர் கேட்டதற்கு வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.

அவர் காசுகளைத் திரும்பப் பைகளில் போட்டு, ஒழுங்காகச் சுருட்டிக் கொடுத்தார்.

“பல்லு எப்பிடி?”

“இப்ப வலி இல்ல டாக்டர்.”

“நல்லது.”

கொக்கிகள் இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினேன்.

வீட்டில் அக்கா மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“என்ன சொன்னாரு?”

“வேற ஆளு போட்டாச்சாம்க்கா.”

“காசப் பாத்தாரா?”

“பாத்தாரு.”

“நல்லாருக்குன்னாரா?”

“சுத்தமா இருக்குன்னாரு.”

“கண்ணு பட்டிருக்கும்” என்றார். “அடுத்த வருஷம் பூசணி ஒடைச்சிருவோம்.” அண்ணன் கூடத்திலிருந்து, “விடு லா. ஏதாச்சும் கெடைக்கும்” என்றார். சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டேன்.

முதுகு அதற்குப் பிறகு எட்டு மாதம் தாங்கியது. பிறகு லோரி முதலாளி நிறுத்திவிட்டார். கிள்ளான் பாசார் சந்தையில் தேங்காய் உரிக்கும் இடத்தில் நின்றுகொண்டே செய்கிற வேலை கிடைத்தது. குனியத் தேவையில்லை. அதைத்தான் வெகுநாள் செய்தேன். பாயின் டின்னில் இன்னும் காசு இருந்தது. கடையைத் தாண்டும்போது, “பிடி வேணாமா?” என்று கேட்பார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் போவேன். ஏர்கோனுக்குக் கீழே வைத்த டப்பாவை எடுக்கப் போகவே இல்லை.

தண்ணீர் மாற்ற எதுவும் இல்லாத நிலையில் நான் வழக்கம் போலக் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. அந்த வீட்டில் இன்னும் ஆறு வருஷம் இருந்தேன். ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜைக்கு முதல்நாள் அக்கா என் அறை வாசலில் நின்று, “தம்பி, ஒங்க காசு” என்று கேட்பார். எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பேன். ஒரு வருஷத்தில் அவை மங்கிப் பழுப்பாகியிருக்கும். இரண்டு பேருமாகப் பின்படியில் உட்கார்ந்து தேய்ப்போம். புளி, உப்பு, செங்கல் தூள். டாக்டருக்கு ஆள் அமைந்துவிட்டதா என்று அக்கா இரண்டு வருஷம் கேட்டார். பிறகு கேட்கவில்லை. தேய்ப்பது மட்டும் நிற்கவில்லை.

பச்சை போன செம்பு சீக்கிரம் தேயும். மூன்றாவது வருஷம் உட்கார்ந்த உருவம் போய்விட்டது. பூ வைத்திருந்தவன் கைகளும் உடம்பும் மழுங்கி, பழையபடி ஒரு காலோடு நின்றான். ஐந்தாவது வருஷம் நான் கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். கால் இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

அக்கா என் கையிலிருந்து அதை வாங்கினார். முந்தானையால் துடைத்தார். எந்தப் பக்கம் மேல் பக்கம் என்று இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு பக்கத்தில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார்.